தேர்மாறன் வீட்டுக் கதை



நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோரம் சேராது. அரைமணி நேரம் ஒத்திவைப்போம். பிறகு வந்திருப்பவர்களை வைத்துக் கூட்டத்தை நடத்துவோம். தலைவர் பதவிக்கு யார் என்று கேட்டதும் எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே மேகம் பார்க்கத் தோன்றும். கடைசியில் யாராவது ஒருவர், "பழைய ஆட்களே தொடரட்டுமே" என்பார். கைதட்டல். டீ, பிஸ்கட். முடிந்தது.

இப்படி ஒரு சமூகமே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஒரு குடும்பத்தைப் பார்த்து "நீங்களே தொடருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நம் தமிழ்நாட்டில் நிஜமாகவே நடந்திருக்கிறது. நடந்த இடம் தூத்துக்குடிக் கடற்கரை. அந்தக் கதையைச் சொல்லும் காகிதங்கள் பல இருப்பதோ நமக்குப் பக்கத்தில், செண்பகனூரில். அதனால்தான் இந்தக் காலாண்டு இதழுக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

கடற்கரைக் காகிதம் மலைக்கு வந்த வழி

கொடைக்கானலுக்கு முதலில் வீடு கட்ட வந்தவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1845இல். அடுத்து வந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். அவர்கள் வந்ததற்கும் காரணம் உடம்புதான். மதுரை, திருச்சி, நெல்லைச் சீமை என்று சமவெளியில் வேலை செய்த இளம் குருக்கள் பலர் காலராவிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காற்று பட்டால் பிழைப்பார்கள் என்று இங்கே இடம் வாங்கினார்கள். அந்த வரிசையில் வந்த லூயி சேன் சீர் என்ற குருதான் நம் சலேத் மாதா கோயிலைக் கட்டினார். 1866இல் அது திறக்கப்பட்டது. ஆகஸ்ட் நடுவில் நம் ரோடெல்லாம் அடைத்துக்கொள்கிறதே, அந்தத் திருவிழாக்காரர் இவர்.

அதற்குப் பிறகு 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. விருந்தாளி வந்தால் நீங்கள் கூட்டிப்போகும் இயற்கை அருங்காட்சியகம் அவர்களுடையதுதான். பாடம் பண்ணிய பாம்பையும் பறவையையும் ஆர்க்கிட் செடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதே செண்பகனூரில்தான் இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக்காப்பகம் இருக்கிறது. பங்குக் குருக்களின் நாட்குறிப்புகள், மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள், ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கின்றன. மலைக்குளிரில் காகிதம் செல்லரிக்காமல் நிற்கும் என்பது ஒரு வசதி.

அந்தக் காகிதங்களைப் புரட்டிய ஆய்வாளர்களில் ஒருவர் சூசன் பெய்லி. தூத்துக்குடிப் பரதவர்களின் சாதித் தலைவர் பற்றி 1981இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1989இல் வந்த அவருடைய பெரிய நூலிலும் ஒரு பகுதி அதைப் பற்றியதே. இன்று அந்தக் குடும்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

இதைச் சகோதர சபை என்று சொல்லலாமா?

கத்தோலிக்கச் சகோதர அமைப்பு என்றதும் சிலருக்கு வின்சென்ட் தே பவுல் சபை நினைவுக்கு வரும். 1833இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குக் கொலம்பஸ் வீரர்கள் அமைப்பு தெரிந்திருக்கும். 1882இல் நியூ ஹேவனில் மைக்கேல் மெக்கிவ்னி என்ற பாதிரியார் தொடங்கினார். சம்பாதிக்கும் ஆண் இறந்துபோனால் அவன் விதவையும் பிள்ளைகளும் தெருவில் நிற்கக் கூடாது என்பது அதன் முதல் நோக்கம். இரண்டிலும் பொறுப்பாளர்களுக்குப் பதவிக்காலம் உண்டு, தேர்வு உண்டு, கணக்கு உண்டு.

தூத்துக்குடியில் இருந்தது இவற்றுக்கெல்லாம் மூத்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கடற்கரையில் ஏழைக்கு உதவவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் சகோதர சபைகள் தோன்றின. அவற்றுக்கான போர்ச்சுகீசியச் சொல்தான் நம் கடற்கரைத் தமிழில் 'கொம்பிரியா' ஆயிற்று. ஆனால் அங்கே உண்மையான சகோதர அமைப்பு இந்தச் சிறு சபைகள் அல்ல. சாதி முழுவதுமே ஒரே சபை போல இயங்கியது. உறுப்பினர் சந்தா பிறப்பிலேயே கட்டப்பட்டுவிட்டது. அதன் தலைவர்தான் சாதித் தலைவர். பாண்டியபதி என்றும் சொல்வார்கள்.

கொச்சிக்குப் போன தூது

பரதவர்கள் முத்துக்குளிப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்களில் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி எழுவது அவர்கள் தொழில். முத்து யார் கைக்குப் போவது, குளிக்கும் உரிமை யாருக்கு என்பதில் 1530களில் அவர்களுக்கும் முத்து வணிகத்தில் இருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் மோதல் மூண்டது. கடலிலும் தரையிலும் ஆட்கள் செத்தார்கள்.

அப்போது ஜான் த குரூஸ் என்ற மலையாளக் கரைக் குதிரை வணிகர் ஒரு யோசனை சொன்னார். அவர் லிஸ்பனுக்குப் போய்க் கிறிஸ்தவரானவர். "கடலில் இப்போது கை ஓங்கியிருப்பவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்களிடம் போங்கள்." 1535இல் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது போனார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு மிகேல் வாஸ் என்ற குரு கடற்கரைக்கு வந்தார். கொஞ்ச காலத்தில் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். ஒரு சாதியே மொத்தமாக மதம் மாறியது. அப்போதைய தலைவர் விக்கிரம ஆதித்த பாண்டியன், வழிகாட்டிய வணிகரின் பெயரையே எடுத்துக்கொண்டு தோன் ஜான் த குரூஸ் ஆனார் என்பது மரபு. குரூஸ் என்ற பெயர் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மதம் மாறியபோது கடவுள் மாறினார், பெயர் மாறியது, பாதுகாப்புக் கொடுக்கும் அரசர் மாறினார். தலைவர் மாறவில்லை. வீடு வீடாக நடந்த மாற்றமல்ல, தலைவர்கள் கூடி எடுத்த முடிவு. அதனால் எந்தப் படிக்கட்டு வழியாக முடிவு இறங்கி வந்ததோ அந்தப் படிக்கட்டு முன்னைவிட உறுதியானது.

1542 அக்டோபரில் சவேரியார் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆள் வைத்து மொழிபெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஊர்களில் உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே? பரதவர்கள் ஆண்டுதோறும் போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று 4,000 பணம் கட்டிவந்தார்கள். அந்தக் காசை உபதேசியார்களுக்குத் திருப்பிவிடும்படி சவேரியார் கேட்டார். கிடைத்தது. ராணியின் செருப்புக் காசில் நம் பிள்ளைகள் செபம் படித்தார்கள்! அந்தக் காசை மேலே அனுப்பவும், வந்ததைக் கீழே பிரித்துக் கொடுக்கவும் ஊருக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை பட்டங்கட்டியின் கை.

சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழை முறையாகக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். செலவுக்குக் கைகொடுத்தவர்கள் இந்த முத்துக்குளிப்பவர்கள். இன்று நீங்கள் கைப்பேசியில் தமிழ் படிக்கும்போது இந்த முத்துக்காரர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

தலைவருக்கு என்ன வேலை?

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் ஏழு கடற்துறைகள். ஒவ்வோர் ஊரிலும் பட்டங்கட்டி, அவருக்குத் துணையாக அடப்பனார். எல்லோருக்கும் மேலே தூத்துக்குடியில் சாதித் தலைவர். நம் பாஷையில் சொன்னால் பிளாக் பிரதிநிதிகளும் தலைவரும்.

சண்டை தீர்ப்பது, அபராதம் போடுவது, திருமணத் தகராறுகளைப் பேசி முடிப்பது, ஆள்வோருக்கு வரி திரட்டுவது, முத்துக்குளிப்பு அறிவித்தால் தோணியும் ஆளும் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடப்பதல்ல. சிப்பி விளைய ஆண்டுகள் பிடிக்கும். சில சமயம் பார் வெறுமையாகக் கிடக்கும். விளைந்தது தெரிந்தால் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோணிகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் ஓரிடத்தில் வேண்டும். எந்த அரசாக இருந்தாலும் அத்தனை பேரைத் தனித்தனியாகக் கூப்பிட முடியாது. ஒருவரிடம் சொன்னால் எல்லோரும் வர வேண்டும். அந்த ஒருவர் இந்த வீட்டில் இருந்தார். பதிலுக்கு முத்துக்குளிப்பில் அவருக்கென்று ஒரு பங்கு உண்டு. பின்னால் வந்த பிரிட்டிஷ் அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

இது எவ்வளவு பெரிய பலம் என்பது 1658இல் தெரிந்தது. அந்த ஆண்டு டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் புராட்டஸ்டன்ட்கள், அதிலும் கண்டிப்பான கால்வினியர்கள். கத்தோலிக்கக் குருக்களை வெளியே துரத்தினார்கள். கோயில்கள் அவர்கள் கையில் போயின. பால்தேயஸ் என்ற டச்சுப் போதகர் வந்து பரதவர்களைத் தம் சபைக்குத் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. ஊருக்கு வெளியே போய்ப் பூசை கண்டார்கள்.

துப்பாக்கியும் கப்பலும் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் ஏன் அதற்கு மேல் அழுத்தவில்லை? முத்தும் சங்கும் வேண்டும், அதுதான். பரதவன் கடலில் இறங்காவிட்டால் கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. பரதவனை இறக்க வேண்டுமென்றால் சாதித் தலைவரோடு பேச வேண்டும். எனவே அவருடைய மதத்தைப் பிடிக்காவிட்டாலும் அவருடைய பதவியைக் கும்பிட்டார்கள். டச்சுக் கொடி பறந்த அதே ஊரில், 1712இல் அடிக்கல் நாட்டி, 1713இல் பனிமய மாதாவின் பெரிய கோயில் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர் விஜிலியுஸ் மான்சி என்ற இயேசு சபைக் குரு.

தலைமைக் குடும்பத்தின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் நான் இந்தக் காலத்தைத்தான் சொல்வேன், பின்னால் வந்த தங்கத்தை அல்ல. குருக்கள் இல்லாமல், கோயில் இல்லாமல், எதிர்மதத்து ஆட்சியின் கீழ், ஒரு சாதி சிதறாமல் நின்றது. அதற்குத் தேர்தல் வைத்துத் தலைவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. யாரிடம் போவது என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1806

அந்தத் தங்கத்துக்கு வருவோம். 1806இல் அப்போதைய சாதித் தலைவர் தோன் கபிரியேல் த குரூஸ் வாஸ் கோமஸ் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து கொடுத்தார். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் தேர்மாறன். மரத்தேர், மேலே தங்கத் தகடு, உச்சியில் மாதா சொரூபம், கீழே வடம், வடத்தைப் பிடிக்கப் பெருங்கூட்டம். மீனாட்சி கோயில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதன் இலக்கணம் உடனே பிடிபடும். கோயில் விழாவில் அரசருக்குக் கிடைக்கும் முதல் மரியாதைகளைப் போலவே இங்கே சாதித் தலைவருக்கு மரியாதைகள் இருந்தன என்பது பெய்லி விரிவாகக் காட்டும் விஷயம்.

தேர் வந்த காலத்தைப் பாருங்கள். 1801இல் நெல்லைச் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போய்விட்டது. பாளையக்காரர்கள் ஒழிந்தார்கள். தூத்துக்குடியும் அப்போது ஆங்கிலேயர் பிடியில்தான். (பிறகு கொஞ்ச காலம் டச்சுக்காரர்களிடம் திரும்பிப் போய், 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயருக்கு வந்தது.) அதுவரை சாதித் தலைவர்களின் சாமர்த்தியம் எதில் இருந்தது? நாயக்கர், சேதுபதி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், நவாப் என்று பல பேர் இழுத்துக்கொண்டிருந்த கடற்கரையில் ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் பேரம் பேசுவதில் இருந்தது. ஒரே ஒரு ஆட்சி வந்தபின் பேரம் பேச ஆள் இல்லை. அதிகாரம் சுருங்கத் தொடங்கிய நேரத்தில்தான் அதிகாரத்தின் மிகப் பெரிய காட்சி தெருவில் இறங்கியது. இது என் கணிப்பு. பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை, பக்தியும் இருந்திருக்கும். ஆனால் தலைவரின் இடம் எது என்று ஊர் முழுக்கக் கண்ணால் காணும்படி செய்ய தேரைவிட நல்ல கருவி கிடையாது.

இரண்டு கோயில், இரண்டு தட்டு

19ஆம் நூற்றாண்டில் சண்டை வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்தது.

தூத்துக்குடிப் பரதவர்களுக்குள் இரண்டு தட்டுகள் இருந்தன. மேசைக்காரர் என்பவர்கள் செல்வமும் பழைய கௌரவமும் உள்ள குடும்பங்கள். போர்ச்சுகீசியரைப் போல மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பது பெயருக்கான விளக்கம். மற்றவர்கள் கமாரக்காரர், கடலில் இறங்கி உழைத்தவர்கள். சாதித் தலைவர் மேசைக்காரர்களின் உச்சி. இந்த ஏற்பாடு முத்தும் சங்கும் மட்டும் இருந்த காலத்தில் ஓடியது. பிறகு தூத்துக்குடி பருத்தித் துறைமுகமானது. நகராட்சி 1866இல் வந்தது. பத்து ஆண்டுகளுக்குள் ரயில் வந்தது, அதன் பின்னால் பஞ்சாலை வந்தது. கொழும்புக்கு வணிகம் பெருகியது. கீழ்த்தட்டில் இருந்தவர்களிலும் காசு சேர்ந்தது. காசு சேர்ந்தவர் முதலில் கேட்பது என்ன? திருவிழாவில் எங்களுக்கு ஏன் பின்வரிசை என்பதுதான்.

இதோடு குருக்களின் சண்டையும் சேர்ந்தது. இயேசு சபையை ரோம் 1773இல் கலைத்துவிட்டது. அந்த இடைவெளியில் போர்ச்சுகல் மன்னரின் உரிமையின் கீழ் கோவாக் குருக்கள் கடற்கரைக் கோயில்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் திரும்பி வந்து, "ரோம் எங்களை அனுப்பியிருக்கிறது, சாவியைக் கொடுங்கள்" என்றார்கள். தூத்துக்குடியில் பெரிய கோயில் கோவாக் குருக்களிடமே நின்றது. இயேசு சபையார் அதே ஊரில் திரு இருதயக் கோயில் கட்டிக்கொண்டார்கள். ஆக, ஒரு சாதிக்கு இரண்டு பீடங்கள். தலைவரோடு மனஸ்தாபமா? இன்னொரு கோயில் இருக்கிறது. குருவோடு மனஸ்தாபமா? அதற்கும் இன்னொரு கோயில் இருக்கிறது. ஒரே வாசல் இருந்தவரை வாசலில் நின்றவருக்கு மதிப்பு. இரண்டாவது வாசல் திறந்ததும் அவரைக் கடந்து போகலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தேர் யாருடையது, நகை யாருடையது, வரவு செலவு யார் பார்ப்பது, முதல் மரியாதை யாருக்கு என்று தகராறுகள் வளர்ந்தன. முன்பு தலைவர் முன் வைத்த வழக்குகள் இப்போது தலைவர் மேலேயே வந்தன. கலெக்டருக்கு மனு, கோர்ட்டில் வழக்கு. அந்தச் சச்சரவின் வாடை செண்பகனூர்க் காகிதங்களில் இன்னும் இருக்கிறது. பார்க்கிங் இடத்துக்கும் மொட்டை மாடிச் சாவிக்கும் நாம் வாட்ஸாப்பில் போடும் சண்டையின் தாத்தா அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதும் சுலபம், புகழ்வதும் சுலபம். இரண்டையும் கடற்கரைக்காரர்களே போதுமான அளவு செய்திருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. வாரிசுத் தலைமைக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டவர்களும் இல்லை. தங்கம் தலைவர் கொடுத்தது என்றால் தேர் அவர் வீட்டுச் சொத்தா, மாதாவின் சொத்தா, வடம் பிடிப்பவர்களின் சொத்தா? 1806இல் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றியபோது விடை எழுதிவைத்த தாள் ஒன்றும் இல்லை.

தண்ணீர் கொண்டுவந்தவர்

ஒரு பதவியை யாரும் ஒரே நாளில் பறிக்கவில்லை. அதன் வேலைகள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குப் போயின. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. முத்துப் பார் அரசுத் துறையிடம் போனது. அந்த முத்தும் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு பெரிய அளவில் நின்றுவிட்டது. கோயில் அதிகாரம் ஆயரிடம் போனது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த திபூர்சியுஸ் ரோச், அதே பரதவ சமூகத்தின் பிள்ளை. இக்காலத்தில் லத்தீன் ரீதியில் ஆயரான முதல் இந்தியர் அவர்தான். சமூகத்தின் மிகப் பெரிய நாற்காலி இப்போது வேறு வீட்டில்.

ஊர் அதிகாரம் நகராட்சிக்குப் போனது. அங்கே எழுந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அவரும் பரதவர், ஆனால் சாதித் தலைவர் அல்ல. ஐந்து முறை நகராட்சித் தலைவராக இருந்தார். குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்த தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். 1927இல் தண்ணீர் வந்தது. பரதவர் தெருவுக்கு மட்டும் வரவில்லை, ஊருக்கே வந்தது. இன்றும் அவரைத் தூத்துக்குடியின் தந்தை என்கிறார்கள்.

லாரித் தண்ணீருக்கு நாம் மாதம் என்ன கொடுக்கிறோம் என்று பொருளாளரிடம் கேட்டால் இந்த 1927இன் கனம் புரியும்.

தேர்மாறனையும் குரூஸ் பர்னாந்துவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. முதலாமவர் தம் மக்களுக்கு முகம் கொடுத்தார். வெளியே யார் ஆண்டாலும் "எங்களுக்கென்று ஒருவர் இருக்கிறார்" என்ற நிம்மதி அது. அந்த நிம்மதிக்கு எல்லை சாதியோடு முடிந்தது. அதே ஊரில் இருந்த மற்றச் சாதிக் கத்தோலிக்கருக்கு அந்தத் தேரில் பங்கு கேட்கும் பேச்சே அப்போது கிடையாது. இரண்டாமவருக்கு அந்த நிம்மதி இல்லை. ஓட்டுக் கேட்க வேண்டும், திட்டு வாங்க வேண்டும், பதவிக்காலம் முடிந்தால் எழுந்து போக வேண்டும். ஆனால் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை.

ஒன்று இல்லாமல் இன்னொன்று வந்திருக்குமா என்றும் யோசித்துப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் அந்தச் சமூகம் சிதறிப் போயிருந்தால் பள்ளிக்கூடம், அச்சு, வணிகம் என்று வளர்ந்து ஓர் ஆயரையும் ஒரு நகராட்சித் தலைவரையும் கொடுத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

போய்ப் பார்க்க விரும்புபவர்களுக்கு: செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். ஆவணக்காப்பகம் ஆய்வாளர்களுக்கானது, முன்கூட்டி எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போவது மரியாதை. தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் 1982இல் பசிலிக்கா ஆனது. ஆண்டுத் திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தோடு தொடங்கி ஆகஸ்ட் 5இல் முடியும். தங்கத் தேர் ஆண்டுதோறும் வராது. அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்கள். கோயிலின் முந்நூறாம் ஆண்டான 2013இல் இழுத்தார்கள், பிறகு 2023இல் இழுத்தார்கள். ஆகஸ்ட் 5 கூட்டத்துக்குப் போய்விட்டு மலை ஏறினால் நம் சலேத் மாதா திருவிழாவுக்குச் சரியாக வந்து சேரலாம். 14, 15 தேதிகளில் கார் எடுக்காதீர்கள், நடந்து போங்கள்.